நடுங்கும் விரலும் நாதமும்

கடந்த ஆண்டுத் தவக்காலத்தில் எம் பங்கின் பாடகர் குழுவில் எழுந்த சிறு சிக்கல் ஒன்று என்னை நெடுநாள் சிந்தனையில் ஆழ்த்தியது. கருவியைப் பற்றிய சிக்கல் என்றே முதலில் எண்ணினேன். மனிதனைப் பற்றியது என்பது பின்னரே விளங்கிற்று.

எம் ஆலயத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியம் வாசித்து வருபவர் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர். கணினித் துறையில் பணிபுரியும் அவருடைய பேத்தி, விடுமுறையில் வந்தபோது புதுவகை விசைப்பலகை ஒன்றையும் மடிக்கணினியையும் கொண்டு வந்திருந்தார். பார்வைக்குச் சாதாரணக் கீபோர்டு போன்றதே. ஆனால் கட்டையை அழுத்திய பின்னும் விரலை மேலும் ஊன்றினால் ஒலி பெருகுகிறது. பக்கவாட்டில் அசைத்தால் சுருதி நெகிழ்கிறது. பத்து விரல்களுக்கும் இது தனித்தனியே நிகழ்கிறது. ஒலி பிறக்கும் இடமோ பலகையன்று. கணினிக்குள் இருக்கும் மென்பொருள். பாஸ்கா திருவிழிப்பின் ‘உன்னதங்களிலே’ கீதத்தை இதில் வாசித்துப் பார்க்கலாம் என்று ஒத்திகையில் முடிவாயிற்று.

உபதேசியார் அமர்ந்து வலக்கையை வைத்தார். முதல் நான்கு சுரங்களும் நடுங்கின. அவருடைய கை சில ஆண்டுகளாகவே நடுங்குகிறது. அதனை நாங்கள் அறிவோம். ஆயினும் அதுவரை அதனைக் கண்ணால் கண்டோமேயன்றிக் காதால் கேட்டதில்லை. பாடகர் குழுவினர் தலை குனிந்துகொண்டனர்.

“ஃபாதர், இந்த நடுக்கத்தை மென்பொருளிலேயே வடிகட்டிவிட முடியும். எடுத்துவிடட்டுமா?” என்று பேத்தி கேட்டார். “எடுத்துவிடம்மா; வழிபாட்டில் மக்களின் கவனம் சிதறக்கூடாது” என்றேன். உபதேசியார் ஒன்றும் சொல்லவில்லை. திருவிழிப்பில் கீதம் தெளிவாகவே ஒலித்தது. நான் சொன்னது சரிதானா என்ற கேள்வி பின்னரே எழுந்தது. அதற்கு விடை தேடுமுன் இக்கருவிகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

கட்டைகளை வரிசையாக அடுக்கிய கருவிகளுக்கெல்லாம் ஒரு பழைய குறை உண்டு. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் செய்யலாம். குழலில் மூச்சினால் சுரத்தை வளைக்கலாம். கட்டைக் கருவியிலோ ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே பாலம் இல்லை. ஆர்மோனியத்தின் மீது நம் நாட்டு இசையறிஞர்கள் சாட்டிய குற்றமும் இதுவே. 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அத்தடை 1971 வரை நீடித்தது. மேலைநாட்டிலும் இக்குறை உணரப்படாமல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கிளாவிகார்டு என்னும் சிறு கருவியில் கட்டையை அழுத்தியவாறே விரலை மெல்ல அசைத்துச் சுரத்தை அதிரச் செய்வர். ஆனால் அதன் ஒலி அடுத்த அறைக்குக் கூடக் கேட்காது.

இக்குறையை மின்சாரத்தின் துணையால் முதன்முதலில் நன்றாகத் தீர்த்தவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு மொரீஸ் மார்த்தனோ. அவர் செல்லோ வாசிப்பவர். முதல் உலகப் போரில் வானொலித் தந்திப் பணியாற்றியவர். வெற்றிடக் குழாய்களிலிருந்து எழுந்த தூய ஒலியைக் கேட்டு, அதனை இசையாக்க முடியும் என்று கருதினார். 1928ஆம் ஆண்டு பாரிஸில் அவர் அரங்கேற்றிய கருவிக்கு ‘மார்த்தனோ அலைகள்’ என்னும் பொருள்பட ‘ஓந்த் மார்த்தனோ’ என்று பெயர். பிற்காலத்து ஓந்த் கருவிகளில் கட்டைகளின் தொகுதி முழுவதும் பக்கவாட்டில் அசையும். விரலை அசைத்தால் சுரம் அதிரும். இடக்கையின் கீழ் தனிப் பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தாதவரை, வலக்கை என்ன செய்தாலும் ஒலி எழாது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவே ஒலி. செல்லோ வாசித்தவரின் வில் அந்தப் பொத்தானுக்குள் வந்து அமர்ந்துவிட்டது எனலாம்.

இக்கருவியைக் கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க ஒரு தனிக்காரணம் உண்டு. பாரிஸ் நகரத் திரித்துவ ஆலயத்தில் 1931 முதல் 1992இல் தாம் இறக்கும்வரை ஆர்கன் வாசித்த ஒலிவியே மெசியான் என்னும் பேரிசைஞர் இதனைப் பெரிதும் விரும்பினார். இறைப்பிரசன்னத்தைப் போற்றி அவர் இயற்றி 1945இல் முதன்முறை பாடப்பெற்ற படைப்பில், பெண்கள் குழுவின் குரலோடு இக்கருவியும் சேர்கிறது. புனித பிரான்சிஸ் அசிசியாரைப் பற்றி அவர் இயற்றி 1983இல் மேடையேறிய இசைநாடகத்திலோ மூன்று ஓந்த் கருவிகள் ஒலிக்கின்றன. அதில் வானதூதர் வியோல் மீட்ட, பிரான்சிஸ் நினைவிழந்து வீழும் காட்சி ஒன்று உண்டு. வானதூதரின் அந்த இசையை மெசியான் ஓந்த் கருவியிடமே ஒப்படைத்தார். வாழ்நாளெல்லாம் ஆலயத்துக் காற்றுக்குழல்களின் முன் அமர்ந்திருந்த அவர், விண்ணகத்தின் ஒலி தேவைப்பட்டபோது மின்கருவியை நாடினார். ‘மின்சாரத்தில் பிறக்கும் ஒலிக்கு ஆன்மா இல்லை’ என்று எளிதில் தீர்ப்புக் கூறுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு கூறியவனே.

பிற்காலக் கீபோர்டுகளோ இவ்வழியை விட்டு விலகின. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் தம்முள் உரையாட 1983இல் ‘மிடி’ என்னும் பொதுமொழி வந்தது. தமிழில் மிடி என்றால் வறுமை. அப்பெயர் ஒரு வகையில் பொருந்தவே செய்கிறது. கட்டை எவ்வளவு விரைவாகக் கீழிறங்கியது என்பதை 0 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றால் அது குறிக்கும். சுருதியை வளைக்கத் தனிச் சக்கரம் உண்டு. ஆனால் அதனைத் திருப்பினால், அந்தத் தடத்தில் ஒலிக்கும் அத்தனை சுரங்களும் ஒன்றாக வளைந்துவிடும். ஒருவர் குனிந்தால் குடும்பமே குனிய வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தடம் வழங்கி இக்கட்டைத் தளர்த்தும் விரிவான நெறி 2018ஆம் ஆண்டிலேதான் முறையாக ஏற்கப்பட்டது. அதற்கு முன்னரே அமெரிக்காவில் லிப்போல்டு ஹேக்கன் உருவாக்கிய ‘கண்டினுவம்’ என்னும் கருவியில் கட்டைகளே கிடையாது. மிருதுவான ஒரே பரப்பு, அதில் விரல் எங்கும் வழுக்கிச் செல்லும். ‘தில்லி-6’ என்னும் 2009ஆம் ஆண்டு இந்தித் திரைப்படத்தின் பாடலொன்றில் ஏ. ஆர். ரகுமான் வாசித்தது இதனையே. விரல் சுருதி பிசகி விழுந்தால் அதனை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்துச் சேர்க்கும் ஏற்பாடும் இதில் உண்டு. மனிதனின் நுண்ணிய அசைவுகளையெல்லாம் கேட்கும்படி ஒரு கருவியைச் செய்தவர்களே, அவற்றுள் சிலவற்றைக் கேளாதிருக்கவும் வழி செய்ய வேண்டியிருந்தது. எம் பங்கின் சிக்கல் முளைத்த இடமும் இதுவே.

நடுக்கத்தை வடிகட்டியது பொய்யாகுமா? ஏமாற்றும் நோக்கமின்றிப் பொய் இல்லை என்பது புனித அகுஸ்தினாரின் போதனை. அன்று எம்மிடம் அந்நோக்கம் இல்லை. ஆனால் இந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தரும் ஒரு வேறுபாடு இன்னும் பயனுடையதாகத் தோன்றியது. அறிவோடும் விருப்போடும் செய்யப்படுவதே மனிதச் செயல். வேறெதையோ எண்ணியவாறு தாடியைச் சொறிவது, காலையோ கையையோ அசைப்பது போன்றவை மனிதனிடத்தில் நிகழ்பவையே அன்றி, அச்சொல்லின் முழுப்பொருளில் மனிதச் செயல்கள் அல்ல என்பார் அவர். வித்துவான் வேண்டுமென்றே அசைக்கும் கமகம் முதல் வகை. உபதேசியாரின் நடுக்கம் இரண்டாம் வகை. நோய் தந்த நடுக்கத்தை அவர் வாசிக்கவில்லை. அது அவர் வாசிப்பின் குறுக்கே வந்தது. எனவே அதனை நீக்கியது அவர் சொல்ல விரும்பியதைக் காத்ததாகவே அமையும்.

இதற்குத் துணைநிற்கும் இன்னொரு செய்தியும் உண்டு. ஆர்மோனியம் மட்டும் அவருடைய நடுக்கத்தை மறைக்கவில்லையா? அதன் கட்டை காற்று வழியைத் திறக்கிறது, அல்லது மூடுகிறது. கீழே ஊன்றிய விரல் எவ்வளவு ஆடினாலும் சுருதி ஆடாது. துருத்தியை அசைக்கும் இடக்கை தடுமாறினாலும், உள்ளே வில்சுருள் தாங்கும் மற்றொரு காற்றுப்பை அத்தடுமாற்றத்தை விழுங்கிச் சீராக்கிவிடும். அந்த மரப்பெட்டி பல ஆண்டுகளாக அவருடைய இரகசியத்தைக் காத்து வந்தது. அதனைப் பொய்யென்று எவரும் பழித்ததில்லை. மென்பொருள் செய்வதை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்?

இதற்கு நேர்மாறான மற்றொன்று உண்டு; அதன்மேல் எனக்கு இரக்கமே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தியதும் தாளமும் பக்க இசையும் தாமே ஓடும் கீபோர்டுகள் நம் ஆலயங்கள் பலவற்றில் புகுந்துவிட்டன. எவரும் விரும்பி அசைக்காத சுரம் அழகாக அசைகிறது. எவரும் தட்டாத மத்தளம் முழங்குகிறது. முன்னது மனிதன் விரும்பாததை நீக்குவது. பின்னது எவரும் விரும்பாததைச் சேர்ப்பது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903இல் ஆலயத்தில் பியானோவையே தடை செய்தார். அக்கடுமை பின்னாளில் தளர்ந்தது. ஆயினும் உரோமையின் 1958ஆம் ஆண்டு இசை அறிவுரை கூறிய ஒரு காரணம் எனக்கு இன்றும் வலுவுடையதாகவே தெரிகிறது. திருவழிபாட்டில் ஒரு மனிதர் தாமே வாசிக்கும் கருவியே ஒலிக்க வேண்டும். தானே இயங்கும் பொறி ஆகாது என்றது அது. மின் ஆர்கனைக் கூடத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொண்ட அவ்வறிவுரை, தானியங்கியைப் பொறுக்கவில்லை. காற்றுக்குழல் ஆர்கனை உயர்வாக மதித்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அவை வழிபாட்டுக்குத் தகுந்தவையாக, நம்பிக்கையாளரின் ஆன்ம நலனுக்கு உதவ வேண்டும் என்றது. கருவி எதனால் செய்யப்பட்டது என்று அது கேட்கவில்லை. (தாமஸ் அக்குவினாசோ இறைபுகழ்ச்சியில் இசைக்கருவிகளையே விரும்பியவர் அல்லர். இதனைப் பாடகர் குழுவிடம் நான் சொல்வதில்லை.)

இதுவரை என் தீர்ப்புக்குத் துணையாகவே சான்றுகள் சேர்ந்தன. குருமடத்தில் கற்ற பழக்கம் நம்மை எளிதில் விடுவதில்லை. முடிவை முதலில் எடுத்துவிட்டால் சான்றுகள் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

பாஸ்கா எண்கிழமை முடிந்த பின் உபதேசியார் சக்ரீஸ்துக்கு வந்தார். “சாமி, அன்றைக்கு வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கையைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவர் பாடகர் குழுவில் அமரவில்லை; பின்வரிசை இருக்கையிலிருந்து திருப்பலி கண்டார்.

நான் எண்ணத் தவறியது அப்போதுதான் புலப்பட்டது. கருவிகளுள் உடலோடு ஒன்றியது உண்டு, உடலைவிட்டுப் பிரிந்தது உண்டு என்று அதே தாமஸ் வேறோரிடத்தில் கூறுகிறார். கோல் பிரிந்த கருவி. கை ஒன்றிய கருவி. கோலை அசைப்பது கையே. இதை வைத்தே, கிறிஸ்துவின் மனித இயல்பு இறைமையோடு ஒன்றிய கருவி என்றும், அருளடையாளங்கள் பிரிந்த கருவிகள் என்றும் அவர் விளக்குவார். விசைப்பலகையும் மென்பொருளும் பிரிந்த கருவிகள். அவற்றை எவ்வாறு அமைப்பது என்று பேத்தியும் நானும் பேசலாம். ஆனால் அன்று நாங்கள் பேசியது அவருடைய கையைப் பற்றி. அது கருவி மட்டுமன்று, அவரே. ஒருவர் தம் கையின் செயல்களுள் எது தம்முடையது, எது நோயினுடையது என்று பகுப்பதை அவரன்றி வேறெவர் செய்ய இயலும்? அவர் விரும்பாததை நீக்கினேன் என்று நான் சொல்லிக்கொண்டேன்; அவருடைய விருப்பம் யாது என்றே நான் கேட்டறியவில்லை.

மேலும் ஒன்று. புனித பவுலடியார் தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை மன்றாடினார், அது நீங்கவில்லை. வலுவின்மையையும் காணிக்கையாக்கலாம் என்று அதிலிருந்து நாம் போதிக்கிறோம். நானும் நோயாளர் ஞாயிறுதோறும் போதித்திருக்கிறேன். அவ்வாறாயின் அந்த நடுக்கத்தையும் அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்தில் வைக்க அவர் விரும்பியிருக்கக்கூடும். விரும்பாமலும் இருந்திருக்கக்கூடும், தம் நோயை ஊரார் கேட்க வேண்டாம் என்னும் நாணமும் மதிப்புக்குரியதே. இரண்டுக்கும் நேரிய காரணங்கள் உண்டு. ‘மக்களின் கவனம் சிதறும்’ என்று நான் சொன்னதும் பொய்யன்று. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை ஈர்த்தபோது தாம் பாவம் செய்ததாக அகுஸ்தினார் தம் நூலில் வருந்துகிறார். ஆயினும் மக்களின் கவனத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நான், எதிரில் அமர்ந்திருந்த ஒருவர்மீது கவனம் செலுத்தவில்லை.

அவர் இல்லத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார், கருவியைப் பற்றியும் நிறையவே பேசினார். பக்கவாட்டில் அசைத்தால் சுரம் வளைவது தமக்கு மிகவும் பிடித்திருந்தது என்றும், இளமையில் ஆர்மோனியத்தில் செய்ய முடியாமல் ஏங்கிய சில பிடிகளை இதில் செய்து பார்க்க ஆசை என்றும் சொன்னார். நடுக்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தூய ஆவி பெருவிழாவுக்குப் பேத்தி மீண்டும் வந்தார். இம்முறை வடிகட்டும் அளவைக் கணினித் திரையில் வைக்காமல், பலகையின் இடப்பக்கத்தில் ஒரு திருகாக அமைத்துக் கொடுத்தார். நான் பீடத்திலிருந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருகைப் பாடலுக்கும் காணிக்கைப் பாடலுக்கும் பெரியவர் அதை முழுதும் மூடியே வைத்திருந்தார். நற்கருணைக்குப் பின் பாடகர் குழு அமைதியாயிருக்க, அவர் தனியே சிறிது நேரம் வாசித்தார். அப்போது இடக்கையால் அதைச் சற்றுத் திறந்தார். மக்கள் தலை கவிழ்ந்து செபித்துக்கொண்டிருந்தனர். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.