சாவி உன் கையில்தானே இருக்கிறது?

"தென்காசியில் கலர் வண்டி ஓட்டுகிறவன் என்ன பெரிதாகச் சாதித்துவிட முடியும்?" என்று கேட்கிறாய்.

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. முடியாது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய்!

நில் தம்பி. பதிலைக் கேட்டுவிட்டுப் போ!

விடியும் முன்பே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாயே, உன் லைனில் எத்தனை ஊர்! மேலகரம், இலஞ்சி, குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை, புளியரை.

எந்தக் கடையில் பன்னீர் சோடா பறக்கும்? எந்தக் கடையில் திராட்சைக் கலர் மட்டும்தான் போகும்? யார் கையோடு ரொக்கம் தருவார்? யார் மூன்று வாரம் இழுப்பார்? எந்த அண்ணாச்சி கடையில் ஃபிரிட்ஜ் கெட்டுக் கிடக்கிறது?

இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஏசி அறையில் இருக்கும் மேனேஜருக்கா? ஏஜென்சி முதலாளிக்கா?

உனக்குத்தான் தெரியும்! உன்னைக் கேட்டுத்தான் அவர்கள் நாளைய சரக்குக்கு ஆர்டர் போடுகிறார்கள்!

ஒரு வட்டாரத்தின் வியாபாரத்தையே தலைக்குள் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாயே, நியாயமா?

"எனக்குப் படிப்பு இல்லை."

தொழில்முறை டிரைவர் லைசென்சுக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019-இலேயே எடுத்துவிட்டது. சட்டமே விட்டுவிட்ட சாக்கை நீ ஏன் இன்னும் சுமக்கிறாய்?

"பேட்ஜ் இல்லை."

2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்டலாம். உன் குட்டியானை வண்டி அதற்குள் தாராளமாக அடங்கும்! (இருபது வயது நிறையவில்லை என்றால் மட்டும் சரக்கு வண்டியைத் தொடாதே. அதுவும் சட்டம்தான்.)

"சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்."

"கலர் வண்டி ஓட்டுதானாம்!" சொல்லட்டுமே! மாதக் கடைசியில் உன் வீட்டு அரிசிக்கு அவர்களா பணம் தருகிறார்கள்? திருட்டுக்கா போகிறாய்? வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது பயம். அதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஆனி, ஆடியில் சாரல் விழும்போது குற்றாலத்துக்குள் வண்டியை நுழைத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும். ரோடெல்லாம் ஈரம். எதிரே சுற்றுலா பஸ். ஈரத்தலையும் துண்டுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் குறுக்கே ஓடும். பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடிப்பான். உன் முதுகுக்குப் பின்னால் கிரேட் கிரேட்டாகக் கண்ணாடிப் பாட்டில்!

நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும்! பயமே இல்லாமல் அந்த ரோட்டில் அலறிக்கொண்டு போகிறவன் வீரனா? அவனை வண்டியில் ஏற்றக்கூடாது!

உன் பயம் உன்னை மெதுவாகப் போகச் சொல்கிறதா? கேள். ரிவர்ஸ் எடுக்கும்முன் இறங்கிப் பார்க்கச் சொல்கிறதா? இறங்கிப் பார். வண்டியே எடுக்காதே என்கிறதா? அதை மட்டும் கேட்காதே!

சுமையும் லேசானதில்லை. 200 மில்லி கண்ணாடிப் பாட்டில், கிரேட்டுக்கு 24. உள்ளே இருக்கும் கலர் மட்டும் ஐந்து கிலோவை நெருங்கும், கண்ணாடி அதற்கு மேல். 20 லிட்டர் தண்ணீர் கேனோ 20 கிலோவுக்குக் குறையாது. முழங்காலை மடக்கித் தூக்கு! முதுகு போய்விட்டால் எந்தத் தன்னம்பிக்கை உனக்குச் சோறு போடும்?

வசூலில் 300 ரூபாய் குறைகிறதா? மறைக்காதே. அன்றைக்கே சொல், அன்றைக்கே எழுது. இன்றைக்கு 300 ரூபாயை மறைத்தால், நாளைக்கு முதலாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியுமா?

தோல்வியா? அதுவும் வரும். சொல்லாமல் வரும்!

அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. வந்த கூட்டம் திரும்பிவிட்டது. "ஸ்டாக் அப்படியே இருக்கு தம்பி, அடுத்த வாரம் பாப்போம்" என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். ஏற்றிய லோடு அப்படியே வண்டியில் நிற்கிறது.

தடையைத் திட்டாதே! 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பையனின் உயிரைக் கொண்டுபோனது. உன் ஒருநாள் விற்பனை அதைவிடப் பெரிதா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். குற்றாலத்தில் தண்ணீர் பெருகினால் பாவூர்சத்திரத்தில் தாகம் அடங்கிவிட்டதா?

வண்டியைத் திருப்பு! சுரண்டை இருக்கிறது. ஆலங்குளம் இருக்கிறது. கடையநல்லூர் இருக்கிறது. சீசன் முடிந்ததா? கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை, புளியரை ரோட்டில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் வரிசை கட்டும். அந்த ரோட்டுக் கடைகளுக்கு ஐப்பசியிலேயே போய்ப் பேசினாயா?

பேசவில்லை! பிறகு தலையெழுத்தைக் குறை சொல்கிறாய்!

பெரிய கம்பெனியோடு மோத முடியாது என்கிறாயா? பக்கத்து விருதுநகரைப் பார். 1916-இல் பழனியப்ப நாடார் அங்கே காளிமார்க் கலர் கம்பெனியைத் தொடங்கினார். 1958-இல் அவர்களின் பவண்டோ கலர் வந்தது.

1977-இல் நாட்டை விட்டுப் போன கோக் 1993-இல் திரும்பி வந்தது. ஊர் ஊராக இருந்த கலர் கம்பெனிகள் எத்தனையோ மூடிக்கொண்டன. காளிமார்க் நின்றது. நூறு ஆண்டைத் தாண்டியும் நிற்கிறது!

ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், 2017 மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கடைக்காரர்கள் நம் ஊர்ச் சரக்கைத் தேடினார்கள். தேடினால் போதுமா? அந்தச் சரக்கு தானாக நடந்து கடைக்கு வருமா? கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? உன்னைப் போன்ற ஒரு டிரைவர்!

காசி விசுவநாதர் கோபுரத்தைத் தாண்டித்தானே தினமும் போகிறாய்? எத்தனையோ தலைமுறை அது இடிந்து மொட்டையாக நின்றது. 1990-இல் ஒன்பது நிலையோடு எழுந்தது. இனி எழாது என்று இந்த ஊர் விட்டிருந்தால்?

"சொந்த வண்டிக்குப் பணத்துக்கு எங்கே போவேன்?"

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி! முத்ரா கடன் திட்டம் 2015-இல் வந்தது. பிணை இல்லாமல் 10 லட்சம் ரூபாய் வரை கடன் கேட்கலாம். சரக்கு வண்டிக்கும் கேட்கலாம். தருவார்களா? முதல் தடவை தராமலும் போகலாம். மறுபடி போ!

வங்கி மேனேஜர் கேட்பார்: "உங்களுக்கு இந்தத் தொழிலில் என்ன தெரியும்?" அன்றைக்கு என்ன காட்டுவாய்? ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கையையா?

நோட்டைக் காட்டு! இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. கடைப் பெயர், எடுத்த கிரேட், திரும்பிய காலி பாட்டில், பாக்கி, எந்தக் கிழமை எது போகும். ஒரு வருஷம் விடாமல் எழுது. இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கணக்கு வேறு யாரிடம் இருக்கும்?

சோம்பலாக இருக்கிறதா? தூக்கம் வருகிறதா? எழுதிவிட்டுத் தூங்கு!

முதல் பக்கத்தில் யார் பெயரை எழுதுவாய்? போன மாதம் "உன் சரக்கே வேண்டாம்" என்று உன்னைத் திருப்பி அனுப்பினாரே ஒரு கடைக்காரர், அவர் பெயரை எழுது. நாளைக் காலை முதல் கடை அவருடையதுதான். ஏன் வேண்டாம் என்றார் என்று அவரிடமே கேள். சாவியை எடு தம்பி, கிளம்பு!