துறவு பூண்டது யார்?

மரத்துக்குத் துறவு கொடுக்க முடியுமா? தாய்லாந்து பௌத்தத்தில் இந்தக் கேள்வி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. 1988-இல் பயாவோ மாகாணத்தில் பிரக்ரூ மனாஸ் என்ற பிக்கு மரத்துக்குச் சீவரம் என்னும் துறவாடை சுற்றித் தொடங்கிவைத்த சடங்கு இது. 1991-இல் பக்கத்திலுள்ள 'நான்' மாகாணத்தில் பிரக்ரூ பிதக் என்ற பிக்கு அதை ஊர்களின் ஒப்பந்தமாகவே வளர்த்தார். காட்டில் மிஞ்சி நின்ற பெருமரத்தின் அடியில் புத்தர் சிலையை வைத்து, அடிமரத்தில் காவித் துணி கட்டினார்கள். பத்து ஊர்த் தலைவர்கள் மந்திரித்த நீரைக் குடித்து, காட்டைக் காப்பதாகச் சத்தியம் செய்தார்கள். மரத்தில் அறைந்த பலகை, காட்டை அழிப்பது 'சாத்'தை அழிப்பது என்றது. நம்முடைய 'சாதி'க்கு மூலமான அதே வடசொல்தான் அது. தாய்லாந்து மொழியில் பிறவியையும் குறிக்கும், நாட்டையும் குறிக்கும்.

எதிர்ப்பு முதலில் மடங்களுக்குள்ளிருந்தே வந்தது; அது அற்பமான எதிர்ப்பும் அல்ல. பிக்கு சங்கத்தில் சேர வருபவரிடம் இன்றும் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, 'நீ மனிதனா?' என்பது. நாகம் ஒன்று மனித உருவில் வந்து துறவு பெற்றது, தூக்கத்தில் சுயரூபம் வெளிப்பட்டுப் பிடிபட்டது, அதன்பின் மனிதரல்லாதவர்க்குத் துறவு இல்லை என்று புத்தர் விதித்தார் என்பது பிக்குகளின் ஒழுக்க நூலான விநயம் சொல்லும் கதை. அந்த நாகத்தின் நினைவாகத் தாய்லாந்தில் துறவேற்கப் போகும் இளைஞனை இன்றும் 'நாக்' என்றே அழைக்கிறார்கள். நாகத்துக்கே மறுத்ததை மரத்துக்குக் கொடுப்பது விதிமீறல் இல்லையா? மரம் பிக்கு ஆகிவிட்டதாக நாங்கள் சொல்லவில்லை என்பது சடங்கு நடத்தியவர்களின் பதில். அப்படியானால் அது வெறும் வேஷம்தானே என்ற அடுத்த கேள்வி எழும். அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். மரத்திடம் விடுவதற்கு ஆசை ஏதும் இல்லை. கோடரியும் அதன் கையில் இல்லை. நீரைக் குடித்தவர்களும் வாக்குக் கொடுத்தவர்களும் மனிதர்கள். துணி மரத்தின் மேல் இருந்தாலும் துறவு பூண்டது ஊர்தான்.

இதை வெறும் சொல் சாதுரியம் என்று தள்ள முடியாது. சிதைந்த காடு மீளும் விதமே அதற்குச் சாட்சி. 1961-இல் தாய்லாந்தின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடாக இருந்தது. 1988-இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த நவம்பரில் தெற்கே மலைச்சரிவுகள் பெயர்ந்து, சேறும் மரக்கட்டைகளும் ஊர்களை மூடி, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1989 ஜனவரியில் அரசு காட்டில் மரம் வெட்டத் தடை விதித்தது. தடையால் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களின் லாரிகள் நின்றன. ஆனால் ஆண்டுதோறும் வைக்கும் தீயும், சரிவில் ஏறும் மக்காச்சோளமும், அன்றாடம் விறகுக்கு நீளும் அரிவாளும் தடையாணைக்குக் கட்டுப்படுபவை அல்ல. வெட்டுண்ட அடிக்கட்டையின் வேர் பல இடங்களில் இன்னும் சாகாமல் இருக்கும். சில ஆண்டுகள் தீயும் வெட்டும் அண்டாமல் இருந்தால், கட்டையைச் சுற்றிக் குருத்துகள் வெடித்துக் கிளம்பும். கன்று நடுவதும் தேவைதான். ஆனாலும் காட்டை மீட்கும் வேலையில் பெரும்பகுதி, கைக்கு எட்டியதைத் தொடாமல் இருப்பது. அதையும் ஊரே சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் செய்வது. இதற்குப் பொருத்தமான பெயர் துறவைத் தவிர வேறென்ன? செடிகொடிகளுக்குச் சேதம் செய்வது பிக்குவுக்குக் குற்றம் என்று விநயம் முன்பே விதித்திருக்கிறது. சடங்கு புதிது, அது ஊருக்கு நீட்டித்த ஒழுக்கம் பழையது.

இன்னொரு ஆட்சேபம் பகுத்தறிவுப் பக்கமிருந்து வருகிறது: காவித்துணியைக் கண்டு வெட்டாமல் போகிறவன் பாவத்துக்கோ பேய்க்கோ பயந்து போகிறான், பயம் தெளிந்தால் காடும் போய்விடும். பயம் ஓரளவு உண்மை. அது மட்டும் போதுமென்றால் பூசாரி ஒருவரே போதும். பத்து ஊரை ஏன் கூட்ட வேண்டும்? எல்லார் முன்னிலும் கொடுத்த வாக்கை மீறுபவன் பேய்க்குப் பதில் சொல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாக்குக் கொடுக்கும் ஊர் இல்லாத இடத்தில் சடங்கு வெறும் காட்சியாகிவிடும் என்பதும் மெய். அப்போதைய தாய்லாந்து மன்னரின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி 5 கோடி மரங்களுக்குத் துறவு கொடுக்கும் இயக்கம் நடந்தபோது, அத்தனை மரங்களையும் காக்க அத்தனை ஊர்கள் சத்தியம் செய்திருக்குமா என்று சந்தேகப்படுவது நியாயம்.

கடினமான ஆட்சேபம் நீதி பற்றியது. காட்டைத் தின்றவை குத்தகைகள். துறக்கச் சொல்வது விறகு பொறுக்கும் ஏழையையா? 1991-இல், காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களுக்காக நின்ற பிரசாக் என்ற பிக்கு கைது செய்யப்பட்டார். மரத்துக்குச் சீவரம் கட்டியவர்தான் அவரும். பறிப்பதற்குத் துறவு என்று பெயர் வைக்க முடியாது. தன் கையில் உள்ளதை விடுபவனே துறவி. ஊரார் நெடுங்காலம் போராடிய பிறகு 2019-இல் சமுதாயக் காடுகள் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளுக்குள் அது இன்னும் நுழையவில்லை. அந்த எல்லைக்கு உள்ளே வாழும் ஊரிடம், அதன் உரிமையை ஒப்புக்கொள்ளாமல், காட்டுக்காகத் துறவு கேட்க எந்த மடத்துக்கும் அரசுக்கும் தகுதி இல்லை.