அடையும் நேரம்



சாயங்காலம் பறவைகள் திரும்பி வந்து தங்குவதை 'அடையுது' என்று நம்ம பாட்டிமார்கள் சொல்லுவாங்க. அடைக்கலம் என்ற சொல்லிலும் அதே 'அடை'தான் இருக்கு. அதன் பொருள் எனக்கு ராஜஸ்தானில், சாம்பர் ஏரிக்கரையில்தான் விளங்கியது. (நம்ம சாம்பார் இல்லை, சாம்பர்!)

புஷ்கர் யாத்திரை போன எங்கள் குழு, சாகம்பரி தேவியைத் தரிசிக்க அங்கே இறங்கியது. தார் பாலைவனத்தின் கிழக்கு ஓரம். இந்தியாவிலேயே மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி. ஒரு வாய் குடிக்க முடியாத தண்ணீர். ஆனால் பொழுது சாய்ந்ததும் பார்க்கணுமே! பூநாரை, கொக்கு, வாத்து என்று வரிசை வரிசையாக வந்து இறங்குது. மரம் இல்லை, கூடு இல்லை. நீண்ட கால் உள்ளவை கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடியே கண்ணயர்கின்றன. நரியோ நாயோ வந்தால் தண்ணீர் சலசலக்கும். ஒன்று விழித்தால் போதும், கூட்டமே எழுந்துவிடும். மெல்லிய நீரும் பக்கத்தில் இன்னொரு உயிரும்தான் அவற்றுக்குக் கோட்டை.

அந்த ஊர்க்காரர்கள் ஒரு கதை சொல்லுவாங்க. தேவி மகிழ்ந்து அந்த நிலத்தையே வெள்ளியாக மாற்றினாளாம். மக்கள் பயந்துட்டாங்க. "தாயே, இதுக்காக நாங்க அடிச்சுக்குவோம், திருப்பி எடுத்துக்கோ" என்று வேண்டினார்கள். அவள் அதை உப்பு ஏரியாக்கினாள். இந்தக் கதையில் எனக்கு அந்த மக்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். தங்கள் குணம் தெரிந்து வேண்டியவர்கள்.

அதே ஏரியில் 2019 நவம்பரில் சுமார் 18,000 பறவைகள் செத்துப் போயின. பொட்டுலிசம் என்ற நச்சு. செத்த பறவையில் புழு வைக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நச்சு அதற்குள் சேரும். அதைத் தின்ற பறவைக்கு இறக்கையும் காலும் செயலிழக்கும். அதுவும் விழும், அதிலும் புழு வைக்கும். இந்தச் சுழற்சியை அறுக்க, செத்ததை உடனே எடுத்தாகணும். ஆட்கள் ஏரிக்குள் இறங்கி ஒவ்வொரு உடலாகப் பொறுக்கிப் புதைத்தார்கள்.

நம்ம வாராந்திர வழிபாட்டை நினைச்சுப் பாருங்க. வாரம் முழுக்க அலைந்துவிட்டு அங்கேதான் வந்து அடைகிறோம். ஆனால் என்றோ முடிந்த திருவிழாக் கணக்கு, யார் பெயர் அழைப்பிதழில் விட்டுப்போச்சு, யார் யாருக்கு மாலை போடலை... இதெல்லாம் எப்பவோ செத்துப்போன விஷயம். எடுத்துப் புதைக்கத்தான் ஆள் இல்லை. புதுசா வருகிற பதினேழு வயசுத் தம்பிக்கு அந்தச் சண்டையில் சம்பந்தமே கிடையாது. இரண்டாவது வாரமே யாரோ அவனுக்கு அதை ஊட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் அவன் வருவதில்லை. பிறகு "இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை" என்று கூட்டம் போடுகிறோம். வந்தாங்களே! வந்தவங்களுக்கு என்ன கொடுத்தோம்?

திருவடியே அடைக்கலம் என்று தினமும் பாடுகிறோம். அங்கே வருகிறவர்களுக்கு இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது அடியார் வேலை. நாவுக்கரசர் பாடியதோடு நிற்கவில்லை, உழவாரத்தைக் கையில் எடுத்துக் கோயில் முற்றத்துப் புல்லையும் செதுக்கினார்.

அடுத்த உழவாரப் பணிக்குத் துடைப்பம், மண்வெட்டி எல்லாம் கொண்டு வாங்க. நீங்க பேச்சை நிறுத்திய அந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ முந்தின நாளே ஒரு போன் போட்டு, அவங்களையும் கூட்டிட்டு வாங்க.