எதை வைத்துக்கொள்வது?

‘இடமில்லை’ என்ற சொல்லுக்கு நம் வாழ்க்கையில் நீண்ட சரித்திரம் உண்டு. பஸ்ஸில் இடமில்லை, பள்ளிக்கூடத்தில் இடமில்லை, ஆஸ்பத்திரியில் இடமில்லை. அங்கெல்லாம் நாம் வெளியே நிற்பவர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் வேறு யாரோ. இன்று நம் சட்டைப் பைக்குள்ளிருந்தே அந்தக் குரல் கேட்கிறது. பேரக் குழந்தை முதன்முதலாகச் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறது. படம் பிடிக்கலாம் என்று செல்போனை நீட்டினால், ‘இடமில்லை’ என்கிறது அது. நம்முடைய போனுக்குள் யார் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? நாம் யாரையும் அழைத்ததாக நினைவில்லையே!

கடைக்காரரைக் கேட்டால் இது இயந்திர விஷயம் என்பார். அவர் வரையில் அது சரிதான். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, அதைத் தீர்மானிக்கிற உரிமை யாருக்கு என்று கேட்கத் தொடங்கினால், விஷயம் இயந்திரத்தைத் தாண்டி மனிதனிடம் வந்துவிடுகிறது. ஒருவன் எதைச் சேர்த்து வைக்கிறான் என்பதைக் கொண்டு அவனை அறியலாம் என்பார்கள் பெரியவர்கள். எதைச் சேர்த்தோம் என்றே தெரியாமல் சேர்த்து வைத்திருப்பவனை எதைக் கொண்டு அறிவது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கொஞ்சம் இடம் நம் கைக்கு வருவதற்கு முன்பே குறைந்துவிடுகிறது. 500 ஜிபி என்று சொல்லி வாங்கும் தட்டை, விண்டோஸ் கம்ப்யூட்டர் 465 என்று காட்டும். இதில் திருட்டு ஒன்றுமில்லை. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு மரக்கால் என்று அளந்து வாழ்ந்த நமக்கு இது புதிதா? 1956ஆம் வருஷத்து அளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை நிலைபெறும் வரையில் நம் சந்தைகளில் நடந்த வழக்கு இதுதான்.

அடுத்தது, இயந்திரம் தன் பிழைப்புக்காக எடுத்துக்கொள்ளும் இடம். போனை இயக்கும் மென்பொருளுக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. பிறகு ‘கேச்’ என்கிறார்களே, அது. நாம் ஒருமுறை பார்த்ததை மறுபடி கேட்டால் சட்டென்று காட்டுவதற்காக, ஒவ்வொரு செயலியும் ஒரு நகலைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. கிட்டங்கியிலிருந்து நாலு மூட்டையைக் கொண்டுவந்து கடை வாசலில் அடுக்குகிற வியாபாரியைப் போல. அதைத் துடைத்தால் நஷ்டமில்லை. வேண்டும்போது மறுபடி வந்துவிடும். ஆனால் அதன் பக்கத்திலேயே ‘டேட்டாவை அழி’ என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது மூட்டையோடு கடையின் கணக்குப் புத்தகத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். இரண்டும் ஒன்றென்று அவசரப்படக் கூடாது.

விண்டோஸ் புதிய பதிப்புக்கு மாறும்போது, நமக்கு மனம் மாறித் திரும்பிப் போக நினைத்தால் ஆகுமே என்று பழைய பதிப்பைப் பத்து நாள் வைத்திருக்கிறது. நாம் அழித்துவிட்டதாக நினைக்கும் படங்கள் ஐபோனில் 30 நாளும், கூகுள் போட்டோஸில் 60 நாள் வரையும் குப்பைத் தொட்டியில் காத்திருக்கின்றன. தொட்டியைக் காலி செய்யும் வரையில் அந்த இடம் மீளாது. நம்முடைய முடிவுகளில் நமக்கே உறுதி கிடையாது என்பதை இந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்!

ஆயினும் நம் ஊர்ப் போன்களில் பெரும்பங்கை விழுங்குவது இவை அல்ல. வாட்ஸ்அப்பில் வந்து குவிபவை. தாமரைப் பூவின் மேல் காலை வணக்கம், காப்பிக் கோப்பையின் மேல் காலை வணக்கம், சாமி படத்தின் மேல் காலை வணக்கம். கூகுள் கம்பெனிக்காரர்கள் இந்தியாவில் போன்கள் ஏன் திணறுகின்றன என்று ஆராய்ந்து, இந்தக் காலை வணக்கங்களைக் காரணமாகக் கண்டார்கள் என்று 2018ஆம் வருஷத் தொடக்கத்தில் பத்திரிகைகள் எழுதின. அதற்குச் சற்று முன்பு, 2017 டிசம்பரில், போனில் இடம் ஒழிப்பதற்கென்றே ஒரு செயலியை அவர்கள் இந்தியாவில் வெளியிட்டிருந்தார்கள். ஒரு தேசத்தின் அன்பு அதன் போன்களை மூச்சு முட்டச் செய்கிறது என்றால் சிரிப்பதா, பெருமைப்படுவதா? ஆண்ட்ராய்டு போனில், நாம் ஒரு படத்தைப் பிறருக்கு அனுப்பினால், ‘அனுப்பியவை’ என்று தனியே ஒரு பையில் அதன் நகலும் தங்குகிறது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘சேமிப்பிடத்தை நிர்வகி’ என்ற பகுதியைத் திறந்தால், பலமுறை கைமாறி வந்தவையும் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் தனித்தனியே அணிவகுத்து நிற்கும். மர்மம் அங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கணக்கு தீர்ந்தது. கேள்வி தீரவில்லை.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சீமையில் சேமிப்பு என்பது உயிர்ப் பிரச்சினை. ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. புரட்டாசி ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, தை மாசியில் வீட்டுக்கு வருகிற கம்பையும் சோளத்தையும் நம்பி வருஷத்தை ஓட்ட வேண்டும். மறு வருஷம் மழை பொய்த்தால் அதற்கும் அதுவே கதி. அந்த வீடுகளின் மூலையில் மண்ணால் செய்த குலுக்கை ஆளுயரத்துக்கு நிற்கும். தானியத்தை மேலே கொட்டுவார்கள்; அடியில் ஒரு துளை, அதற்கு ஓர் அடைப்பு. வேண்டும்போது அடைப்பை எடுத்தால் பழைய தானியம் முதலில் வரும். மேலே வருவதற்கு ஒரு வாய், கீழே போவதற்கு ஒரு வழி. அதனால்தான் அது குலுக்கை. கீழ்வழி இல்லாவிட்டால் அடித் தானியம் வண்டு விழுந்து மாவாகிப் போகும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. களத்தில் அடித்து, காற்றில் தூற்றி, பதரைப் போக்கி, வெயிலில் காயவைத்த பிறகுதான் தானியம் வீட்டுக்குள் நுழையும். விதைக்கென்று எடுத்ததைச் சாம்பலோடு கலந்து வேறு பானையில் வைப்பார்கள். எவ்வளவு பசியானாலும் அந்தப் பானையில் கை வைக்க மாட்டார்கள். பதர் வேறு, சோறு வேறு, விதை வேறு என்ற பாகுபாடு கலயம் கலயமாகக் கண்ணுக்குத் தெரியும். நம் போன்களில் பதரும் சோறும் விதையும் ஒரே குவியல். மேல்வாய் இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. அடித்துளை அடைத்தே கிடக்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய போன் நிறைந்துபோய், வருகிற அழைப்பைக்கூட எடுக்க முடியாமல் உறைந்து நின்றது. ரிப்பேர்க் கடைக்கு அவருடன் நானும் போயிருந்தேன். கடைப் பையன் நல்லவன், சுறுசுறுப்பானவன். ஒரு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், மொத்தமா ரீசெட் போட்டுருவோமா? புதுப் போன் மாதிரி ஆயிரும்” என்றான்.

அந்த அம்மாள் போனைச் சட்டென்று கையில் வாங்கிக்கொண்டார். “வேண்டாம்ப்பா. இதுக்குள்ள அவுக குரல் இருக்கு” என்றார்.

பிறகு மூன்று நாள் மாலை வேளைகளில் அவரும் நானுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் பார்த்துச் சொல்ல, நான் அழித்தேன். பூக்கள் போயின, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்புகள் போயின, ஒரே கல்யாண வீடியோ நாலு குழுக்களிலிருந்து நாலு தடவை வந்திருந்தது, மூன்று போயின. கடைசியில் அந்தக் குரல் பதிவுகள் அகப்பட்டன. மொத்தம் பதினொன்று. “வரும்போது மிளகாய்ப் பொடி வாங்கணுமா?” என்கிற மாதிரி சாதாரணப் பேச்சுத்தான். வாட்ஸ்அப் குரல் பதிவு ஒரு நிமிஷம் ஓடினாலும், காமிராவில் எடுத்த ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தைக்கூடப் பிடிக்காது. அந்த அம்மாளுக்கு உலகத்திலேயே பெரிய சொத்து, அந்தப் போனில் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை! அதை வெளியே தள்ளப் பார்த்ததோ, யார் அனுப்பினார் என்றே அவருக்கு நினைவில்லாத சரக்கு.

ரீசெட் போடலாம் என்ற பையனிடம் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்ன வைத்தியம் மிகப் பழமையானது. கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவிலைத் தாண்டி இராஜபாளையம் போகும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பால்வண்ணநாதர் கோயில் கொண்ட ஊர். பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உ. வே. சாமிநாதையர் தேடிப் போனார். கோயில் அதிகாரி அவருக்கு என்ன பதில் சொன்னார் தெரியுமா? பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது ஆகம விதி. ஆகையால் நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்களாம். ஐயர் தம் சுயசரிதையான ‘என் சரித்திர’த்தில் இதை எழுதியிருக்கிறார்.

அந்தத் தீயில் என்ன போயிற்று என்று சொல்ல இன்று யாரும் இல்லை. வெறும் வரவு செலவுக் கணக்காக இருக்கலாம். இனி ஒருகாலும் கிடைக்காத காவியமாகவும் இருக்கலாம். எரித்தவர்கள் துஷ்டர்கள் அல்ல. பயபக்தியோடுதான் எரித்தார்கள். ஆனால் எரிப்பதற்கு முன் ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பக்தி இருந்தது, வாசிப்பு இல்லை.

அதே நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் நடந்தது வேறு. கெய்ரோ நகரின் பழைய பகுதியிலிருக்கும் யூதர் கோயிலிலும் இதே போன்ற பயபக்தி உண்டு. இறைவனின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் எறியக் கூடாது. அவர்கள் எரிக்கவில்லை, ஓர் அறைக்குள் போட்டு வைத்தார்கள். நாளடைவில் எழுத்து இருந்த தாளெல்லாம் அங்கே போயிற்று. 1896, 97ஆம் வருஷங்களில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அந்த அறைக்குள் நுழைந்து, ஏறக்குறைய இரண்டு லட்சம் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்கு எடுத்துச் சென்றார். வேதத்தின் பழைய பிரதிகளோடு கடைச் சிட்டைகளும், கல்யாண ஒப்பந்தங்களும், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிபம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அதில் கிடைத்தன. குப்பை என்று ஒதுக்கியது சரித்திரமாகிவிட்டது.

அப்படியானால் ஒன்றையும் அழிக்காமல் இருப்பதுதானே தர்மம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அந்த அறை எத்தனையோ நூற்றாண்டு காலம் இருட்டில் கிடந்தது. கிடந்த வரையில் அதற்கும் சாம்பலுக்கும் மனிதர்களைப் பொறுத்து வித்தியாசம் இல்லை. ஒருவர் நுழைந்து, தூசியைத் தின்று, துண்டு துண்டாக எடுத்துப் படித்த பிறகுதான் அது பொக்கிஷமாயிற்று. பார்க்காமல் எரிப்பது ஒரு குற்றம் என்றால், பார்க்காமல் குவிப்பது அதன் தம்பி. முதலாவதில் பொருள் ஒரு நாளில் போகிறது; இரண்டாவதில், இருந்துகொண்டே இல்லாமல் போகிறது. அந்த அம்மாளின் பதினொரு குரல்களும் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு அடியில் அப்படித்தான் இல்லாமல் இருந்தன.

நம்முடைய பழைய நூல்கள் எப்படிப் பிழைத்தன? ஓலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும். இற்றுப்போவதற்குள் ஒருவர் உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, வேறோர் ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். கை நோவ எழுதுகிறவர் கண்டதையெல்லாம் எழுத மாட்டார். ‘இது எனக்குப் பின்னாலும் இருக்க வேண்டும்’ என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியதுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கிராமத்தில் 1923இல் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டாரே, அதுவும் இந்தக் காரியம்தான். மக்களின் வாயிலிருந்து நழுவிக்கொண்டிருந்த சொற்களைக் குனிந்து பொறுக்கி எடுத்துத் தனிப் பானையில் வைத்தார். விதைப் பானை அது.

‘இதற்கெல்லாம் எங்கே ஐயா நேரம்? பெரிய போனாக வாங்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் இணையத்தில் இடம் பிடித்து வைத்துவிடுகிறேன்’ என்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது பிறத்தியார் கிட்டங்கி. கூகுள் 15 ஜிபி வரையில்தான் இலவசமாகக் கொடுக்கிறது. படங்களை எல்லையில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று முன்பு கொடுத்த சலுகையும் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு வாடகை. பதருக்கும் சேர்த்து மாதா மாதம் வாடகை கட்டுகிற சம்சாரியைக் கரிசலில் யாராவது கண்டதுண்டா? பெரிய போனும் அப்படித்தான். பெரிய குலுக்கை வாங்கியதால் தூற்றுகிற வேலை தீர்ந்துவிடாது; அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும், அவ்வளவே. நாம் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் அது யார் தலையில் விழும்? நம் காலத்துக்குப் பின் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கப்போகும் பிள்ளைகளின் தலையில். அவர்கள் ஷெக்டரைப் போல வருஷக் கணக்கில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்களும் ரீசெட் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் நமக்கு வாயிருக்காது.

பொங்கலுக்கு முன் நம் வீடுகளில் வெள்ளையடிப்பார்கள். அடுப்படிச் சாமான் முதல் பரண் மேல் கிடக்கும் தகரப் பெட்டி வரை எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி வைப்பார்கள். சிலது கழியும், பெரும்பாலானவை மறுபடி உள்ளே போகும். ஆனால் எல்லாவற்றின் மேலும் வருஷத்துக்கு ஒரு தடவை வெயில் படும், வீட்டாரின் கண்ணும் படும். “இது எங்க ஆத்தா வச்சிருந்த உழக்கு” என்று யாராவது எடுத்துச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை கேட்டுக்கொள்ளும். போனுக்கும் அப்படி ஒரு நாளை ஒதுக்கினால் என்ன? அன்றைக்கு எத்தனை ஜிபி மீண்டது என்பதைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம். நாம் வைத்திருப்பது இன்னதென்று நமக்குத் தெரிந்திருந்தால், அதில் எதை விட்டாலும் குற்றமில்லை.