பட்டு நூலும் நம் நோன்பும்

முற்காலத்தில் மனிதன் தான் உண்பது எங்கே விளைந்தது, உடுத்துவது யார் நெய்தது என்பதைப் பெரும்பாலும் தன் ஊரிலேயே கண்ணாரக் கண்டான். இன்றைய சமுதாயத்தின் அமைப்பு வேறு. பொருள் ஓரிடத்தில் விளைகிறது, வேறோரிடத்தில் உருமாறுகிறது, மற்றோரிடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அழகுற அடுக்கப்படுகிறது. நாம் பணத்தை நீட்டுகிறோம், பொருளைப் பெறுகிறோம். இடையில் நிகழ்ந்தவை நம் கண்ணிலும் படுவதில்லை, கருத்திலும் படுவதில்லை. இக்காலத்தின் பெரிய வசதி இதுவே. பெரிய அறச்சிக்கலும் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். தீவினை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும் என்றனர். அம்மூன்றும் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மும்மூன்றாக விரியும் என்றும் வகுத்தனர். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று வடமொழியில் வழங்குவன இவையே. ஆயினும் நம்மில் பலர், கொல்லாமை என்றால் தம் கையால் கொல்லாதிருத்தல் என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறோம். செய்வித்தலும் உடன்படுதலும் வழிபாட்டு வேளையில் ஓதும் சொற்களாக நின்றுவிடுகின்றன. இதனை நம் இல்லங்களில் அன்றாடம் காணும் ஒரு பொருளைக் கொண்டு ஆராய்வோம். அப்பொருள் பட்டு.

பட்டுப்புழு மல்பெரி இலையை உண்டு, நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் முழு வளர்ச்சி அடைகிறது. பின்னர் இரண்டு மூன்று நாட்களில் தன் வாயினின்று சுரக்கும் இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. அவ்விழை அறுபடாத ஒரே நூல். பல நூறு மீட்டர் நீளமுடையது. கூட்டை அப்படியே விட்டுவிட்டால் சில நாட்களில் உள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகி, கூட்டைத் துளைத்து வெளிவரும். துளைத்தால் இழை துண்டுபடும். வழுவழுப்பான நீண்ட நூல் கிடைக்காது. ஆகவே அது வெளிவருமுன்பே கூடுகளை நீராவியிலோ வெப்பக் காற்றிலோ இட்டு உயிர் போக்குகின்றனர்; பின் கொதிநீரில் இட்டு இழை பிரிக்கின்றனர். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 5,000 கூடுகள் வேண்டும். நல்ல காஞ்சிபுரம் புடவை ஒன்றில் அரைக் கிலோவுக்குக் குறையாத பட்டு இருக்குமெனக் கொண்டால், ஒரு கூறைப் புடவைக்காக மடியும் உயிர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு அளவில் ஆகின்றன.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் மரபு. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரும் வயிற்றுக்குள் போய் மடியலாகாது என்பதற்காகப் பொழுது சாயுமுன் உண்பது நம் மரபு. சிலப்பதிகாரத்தில் மதுரை நோக்கி நடக்கும் வழியில், நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடுமே என்று கவுந்தியடிகள் அஞ்சுவதைப் படித்துப் பெருமிதம் கொள்கிறோம். அதே நாம், திருமண நாளில் இரண்டாயிரத்து ஐந்நூறு உயிர்களின் கூட்டைப் போர்த்துக்கொண்டு அருகனின் திருமுன் நின்று வாழ்த்துப் பெறுகிறோம். நம் ஆலயங்கள் சிலவற்றில் இயக்கியர் திருவுருவங்களுக்கும் பட்டே சாத்துகிறோம். இம்முரண்பாட்டை நம் வீட்டுப் பிள்ளைகள் கேள்வியாக எழுப்பும்போது, அதிகப் பிரசங்கம் என்று அடக்கிவிடுவது விடையாகாது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "நாம் கொல்லவில்லையே, கடையில் இருப்பதை வாங்குகிறோம்" என்பது. புலால் உண்போரும் இதையேதான் சொல்கின்றனர். அவர்களுக்கு நாம் கூறும் விடை என்ன? வாங்குவோர் இல்லையேல் கொன்று விற்போரும் இல்லை என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தைக் காட்டுகிறோம். பிறருக்கு எடுத்துக்காட்டும் நியாயம் நமக்கும் உரியதுதானே?

இரண்டாவது, "இல்லறத்தார்க்கு முழுக் கொல்லாமை இயலாது, உழவிலும்தான் உயிர் மடிகிறது" என்பது. இது எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள் நாம். இல்லறத்தார் நிலையை உணர்ந்தே நம் நூல்கள் இம்சையை நான்காகப் பிரித்தன: வேண்டுமென்றே செய்வது, இல்வாழ்க்கைப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இவற்றுள் முதலாவதை, அதாவது இயங்கும் உயிரை எண்ணித் துணிந்து கொல்வதை, இல்லறத்தானும் அறவே விலக்க வேண்டும் என்றன. உழவன் நாடுவது நெல்லை. புழு மடிவது அவன் நோக்கமன்று. பட்டிலோ புழுவை மடியச் செய்வதே தொழிலின் ஒரு படி. பூச்சிமருந்து தெளிக்கும்போது இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது என்பதை உழவர் குடியினராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சோறின்றி உயிர் வாழ இயலாது. பட்டின்றி வாழ இயலும். தேவைக்கும் ஆடம்பரத்திற்கும் இடையே கோடு கிழிப்பதற்குத்தானே அணுவிரதங்கள்?

மூன்றாவது, "பட்டை விட்டால் பாலையும் விடச் சொல்வீர்களா?" என்பது. இன்றைய பால் தொழிலில் கன்றுகளுக்கும் கறவை நின்ற பசுக்களுக்கும் நேர்வது என்ன என்பது தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால், ஒரு கடனை இன்று அடைக்க முடியாதவன், அதனைக் காட்டி எல்லாக் கடன்களையும் மறுக்கலாகாது. அடைக்கக் கூடியதை முதலில் அடைப்பதே நேர்மை.

நான்காவது, நெசவாளர் வாழ்வு பற்றியது. நம் மனத்தை உண்மையில் வருத்துவது இதுவே. தறியில் அமர்ந்து நாள் முழுதும் உழைப்பவர் புழுவைக் கொல்பவர் அல்லர். அவர் கையில் வருவது நூல்தான். அவர்தம் கலையை இகழ நாம் ஒருபோதும் துணியோம். ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வாழும் சமணர், வடபுலத்திலிருந்து வந்தோரையும் சேர்த்து, 89,265 பேர் மட்டுமே. நாம் வாங்காததால் தறிகள் நின்றுவிடப் போவதில்லை. அன்றியும், கைத்தறிப் பருத்தியை நல்ல விலை கொடுத்து வாங்கினால் அதுவும் நெசவாளர் இல்லத்திற்கே செல்லும். காஞ்சி மாநகரில் நம் சினகாஞ்சியின் பெயர் என்ன? திருப்பருத்திக்குன்றம். விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88ஆம் ஆண்டில் சங்கீத மண்டபம் எழுப்பிய அத்தலத்தின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பட்டுக்குப் புகழ்பெற்ற ஊரில் நம் கோயில் பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்பதை எண்ணுந்தோறும் மகிழ்ச்சி உண்டாகிறது.

இங்கே ஒருவர் மடக்கிக் கேட்கலாம்: "நாம் வாங்காததால் எதுவும் மாறாதெனில், ஏன் விட வேண்டும்?" நோன்பின் உட்பொருளைத் தொடும் கேள்வி இது. நோன்பு உலகைத் திருத்தும் கருவி மட்டுமன்று. நம் உயிரின்மேல் வந்து படியும் வினையைத் தடுக்கும் செறிப்பும் ஆகும். ஊர் முழுதும் இரவில் உண்டாலும் நம் பாட்டிமார் மாலைச் சுடர் மறையுமுன் இலையை மடித்தனர். ஊர் மாறும் என்று எதிர்பார்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை. தம் பங்கு அதில் இல்லை என்ற தெளிவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இனி, நடைமுறை. பட்டைத் துறப்பது பற்றிப் பேசும்போது பெண்களின் புடவையை மட்டும் பேசுவது முறையன்று. பட்டு வேட்டி கட்டி, தோல் செருப்பும் தோல் இடைவாரும் அணிந்த ஆண்மகன், தன் இல்லாளுக்குக் கொல்லாமையை உபதேசிப்பது நகைப்புக்கு இடமாகும். துறப்பு இருபாலார்க்கும் பொது. அது வேட்டியில் தொடங்கினால் இன்னும் சிறப்பு.

பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் பட்டை எறிந்துவிட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. தாயின் நினைவாக வைத்திருக்கும் பழைய புடவையை உடுத்துவதால் புதிதாக ஓர் உயிரும் மடிவதில்லை. அதைக் கண்டு முகம் சுளிப்பதும் சொல்லால் சுடுவதும் வேறொரு வகை இம்சை. இனிப் புதிதாக வாங்குவதில்லை என்ற அளவில் தொடங்குவோம். பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டும் கிடைக்கிறது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் குசுமா ராஜையா இம்முறையைப் பரப்பியவர். அதன் பளபளப்பு சற்றுக் குறைவு; விலை சற்று மிகுதி. மனம் பட்டையே நாடுவோர்க்கு அது ஒரு வழி. எனினும் பருத்தியே நேர்வழி என்பது நம் கருத்து.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பெண்ணைப் பெற்ற எளிய குடும்பங்கள் கூறைப் புடவைக்கும் சீர்ப் புடவைகளுக்கும் படும் கடனை நாம் அறிவோம். வசதியுள்ளவர் பட்டு எடுத்தால் வசதியற்றவரும் எடுத்தாக வேண்டியதாகிறது. வசதியுள்ளவரே முன்வந்து நல்ல கைத்தறிப் பருத்தியில் மணம் முடித்தால், மற்றவர்க்கு அது இழிவாகாது, முன்மாதிரியாகும். மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பும் அங்கே உடன் நிறைவேறும். எனவே இதனைத் தொடங்கும் கடமை செல்வர்க்கே முதலில் உரியது.

அடுத்த முகூர்த்தத்திற்குத் துணி எடுக்கக் கடைக்குப் புறப்படுமுன், செய்வித்தல், உடன்படுதல் என்னும் இரு சொற்களையும் குடும்பத்தார் அனைவரும் கூடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முடிவு உங்களுடையது. எண்ணாமல் வாங்குதல் மட்டும் நம்மவர்க்கு அழகன்று.

வாழ்க அறவாழி! வளர்க கொல்லாமை!