பூனைப் பிடி

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வைணவத்தின் தென்கலை மரபைச் சேர்ந்தது. இறைவனிடம் அடைக்கலம் புகுவதை விளக்க அந்த மரபு பூனையைத்தான் காட்டும். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. அது மற்றொரு பிரிவினரான வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது. இது மார்ஜார நியாயம். குட்டி விலக்காமல் இருந்தால் போதும்.

வளர்ந்த பூனை விலக்கும். வெள்ளம் வருகிறது, கிளம்ப வேண்டும் என்ற நேரத்தில் பரணில் ஏறிச் சாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்ளும். கை நீட்டினால் பிறாண்டும். பிடரியைப் பிடித்ததும் உடம்பைத் தளர்த்தித் தொங்குவதெல்லாம் பெரும்பாலும் குட்டிப் பருவத்தோடு சரி. வர மறுக்கும் உயிரை வலிய எடுத்துப்போவது முறையா? ‘அதுவே பிழைச்சுக்கும்’ என்று விட்டுப்போவது முறையா?

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணிக் கரையில் பல குடும்பங்கள் இப்படித்தான் அவசரமாக வெளியேறின. அது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை.

பூனைப் பிடியை விரித்துச் சொன்ன மரபின் பேராசிரியர் பிள்ளை லோகாச்சாரியார். 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது அவர் என்ன செய்தார்? பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று கைகட்டி இருக்கவில்லை. தள்ளாத வயதில் அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளையே எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே புறப்பட்டார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார் என்கிறது குருபரம்பரை. ஆக, அந்த உவமை குட்டியின் சும்மா இருப்பைப் பற்றியது மட்டுமல்ல. கவ்விச் செல்பவரின் பொறுப்பையும் சொல்கிறது. வீட்டுப் பூனைக்கு அந்த இடத்தில் இருப்பவர் சோறு வைப்பவர்தான். பூனை மறுப்பது கூடையைக் கண்ட பயத்தில். வெள்ளம் இன்னதென்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர் பிறாண்டலைப் பொறுத்துக்கொண்டு தூக்கத்தான் வேண்டும்.

எல்லா நேரமும் அல்ல. சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் ஓடத்தான் அவகாசம். 2012இல் முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் உதவப் போனவர்களும் இறந்தார்கள். அங்கே பூனையை விட்டவரைக் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. புயலுக்கோ வானிலை மையம் பெரும்பாலும் சில நாள் முன்பே எச்சரிக்கை தருகிறது. அவகாசம் இருந்தும் விட்டுப்போனால் அதைக் கைவிட்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

ஐப்பசி பிறந்ததுமே மூடி போட்ட கூடையைத் திறந்து வைத்து, பழைய துணி விரித்து, அதிலேயே கருவாட்டுச் சோறு வைத்துப் பழக்கினால் பூனை தானே ஏறிப் படுக்கும். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலின்போது பல மீட்புப் படகுகளும் முகாம்களும் பிராணிகளை ஏற்கவில்லை. அதனாலேயே பலர் வீட்டைவிட்டு வர மறுத்தார்கள். வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க மறு ஆண்டே சட்டம் வந்தது. இங்கே பள்ளிக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ முகாமாக்கும்போது கூடையோடு வருபவரை உள்ளே விடுவார்களா என்று ஊராட்சியில் மழைக்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது.