அடைக்கலத்துக்குத் தவணை உண்டா?

 



செஞ்சியில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் நம்மருகே வந்து உட்கார்ந்தார். தொழுதவர்கள் எல்லோரும் கலைந்து போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மருமகன் அடித்த அடியில் கை முறிந்து தாய்வீடு வந்து சேர்ந்த தம் மகளுக்கு நீதிமன்றம் வழங்கிய பாதுகாப்பு உத்தரவு அது.

"ஹஜ்ரத், இதை வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. கெடு முடிஞ்சுபோச்சு, இனி இது வெறும் காகிதந்தான்னு சம்பந்தி வீட்டார் சொல்றாங்க. வாபஸ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா பிள்ளைகளோட கூட்டிக்கிட்டுப் போறோம்னு ஜமாஅத்துல பேசறாங்க. மக மட்டும் மாட்டேன்னு அழுவுது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

இதே கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நாம் வேறு பதில் சொல்லியிருக்கிறோம். சமாதானமே சிறந்தது என்று திருமறை கூறுவதை எடுத்துக்காட்டி, உத்தரவைத் திரும்பப் பெறும்படி ஒரு பெண்ணுக்குப் புத்தி சொன்னோம். அவள் தலை குனிந்து கையெழுத்திட்டாள். மூன்று மாதம் கழியவில்லை. அவளை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக! அந்தப் பாரம் நெஞ்சில் இருப்பதால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

நாம் அன்று எடுத்துக்காட்டியது அந்நிஸா அத்தியாயத்தின் 128-வது வசனம். அந்த வசனம் கணவனும் மனைவியும் தமக்குள் இணங்கிச் செய்துகொள்ளும் சமாதானத்தைப் பற்றியே பேசுகின்றது. ஒருத்தி அச்சத்தால் நடுங்கிக்கொண்டிருக்க, சுற்றி அமர்ந்த பத்துப் பேர் முடிவு செய்வது சமாதானமாகுமா? அல்பகரா அத்தியாயத்தின் 231-வது வசனத்தையும் நாம் மறந்துவிட்டோம். துன்புறுத்தும் நோக்கத்தோடு மனைவியரைத் தடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், அப்படிச் செய்பவன் தனக்கே அநீதி இழைத்துக்கொள்கிறான் என்றும், அல்லாஹ்வின் வசனங்களை விளையாட்டாக்கிவிடாதீர்கள் என்றும் இறைவன் அங்கே எச்சரிக்கின்றான். அடிப்பதற்காக மனைவியைத் திரும்ப அழைப்பவனும், அதற்குத் துணை போகிறவனும் இந்த எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டாமா?

அடைக்கலம் என்பது இஸ்லாத்தில் எத்தகையது என்பதைச் சற்றுப் பாருங்கள். அத்தவ்பா அத்தியாயத்தின் 6-வது வசனத்தில், இணைவைப்போரில் ஒருவன் அடைக்கலம் கேட்டாலும் கொடுக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகின்றான். இறைவாக்கை அவன் செவியேற்றதோடு கடமை முடிந்துவிடவில்லை. அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றும் பணிக்கின்றான். அங்கே எல்லையாக வைக்கப்பட்டிருப்பது ஒரு மாதமோ ஒரு வருடமோ அல்ல. அச்சம் தீர்ந்த இடம். பகைவனுக்கே இந்தச் சட்டம் என்றால், நம் வீட்டில் பிறந்து, நம் கையால் நிக்காஹ் செய்து கொடுத்த பெண்ணுக்கு எப்படி?

மக்கா வெற்றியின் நாளில் உம்மு ஹானி (ரலி) அம்மையார் தம் கணவர் வழி உறவினருக்கு அடைக்கலம் கொடுத்திருந்தார்கள். உடன்பிறந்த அலீ (ரலி) அவர்களோ அவர்களைக் கொல்லத் துணிந்து நின்றார்கள். அம்மையார் நேரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். அவர் அடைக்கலம் கொடுத்தவருக்கு நாமும் அடைக்கலம் கொடுத்தோம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். ஒரு பெண் கொடுத்த அடைக்கலத்தையே சொந்த அண்ணன் தம்பியின் விருப்பத்துக்காக முறிக்கவில்லை. ஒரு பெண் பெற்ற அடைக்கலத்தை மாமனாரும் மாமியாரும் சொன்னதற்காக நாம் முறிக்கலாமா?

சரி, பெரியவர் கையிலிருந்த காகிதத்துக்கு வருவோம். அது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி வழங்கப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. அடிக்கக் கூடாது, அவள் வேலை செய்யுமிடத்துக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கோ போகக் கூடாது, கடிதத்தாலோ தொலைபேசியாலோ தொல்லை தரக் கூடாது, அவளுக்கு உதவும் உறவினரைத் துன்புறுத்தக் கூடாது என்றெல்லாம் நடுவர் இதன் 18-வது பிரிவின்படி தடை விதிக்கலாம்.

அதற்குக் கெடு உண்டா? 25-வது பிரிவு தெளிவாகவே விடை தருகின்றது. பாதிக்கப்பட்ட பெண் தானே வந்து நீக்கும்படி கேட்கும்வரை பாதுகாப்பு உத்தரவு நடப்பில் இருக்கும். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியதில்லை. சூழ்நிலை மாறினால் மாற்றவோ ரத்துச் செய்யவோ கோரி இருதரப்பும் மனுச் செய்யலாம். ஆனால் நடுவர் அதை ஏற்றால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். உத்தரவுக்குப் பிறகு நேர்ந்த மாற்றத்தையே இதற்குக் காரணமாகக் காட்டலாம். பழைய கதையைக் கிளறி உத்தரவையே இல்லாமலாக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தலாக் கொடுத்துவிட்டால் முன்பு செய்த கொடுமைக்குப் பொறுப்பு நீங்கிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் தவறு என்று ஒரு முஸ்லிம் சகோதரியின் வழக்கில் 2014-லேயே அந்நீதிமன்றம் கூறிவிட்டது. உத்தரவை மீறுவோருக்கு 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். வழக்கு நடக்கும்போதே 23-வது பிரிவின்படி கொடுக்கப்படுவது இடைக்கால உத்தரவு. அது வழக்கோடு கட்டுண்டது. விசாரணைக்குப் போகாமலிருந்து வழக்கு தள்ளுபடியானால் அதுவும் கூடவே போய்விடும். ஆகவே எந்த உத்தரவு என்பதைப் படித்தறிந்து, வாய்தா தவறாமல் ஆஜராக வேண்டும். வீடு மாறினாலும், பிள்ளையின் பள்ளி மாறினாலும், புதிய முறையில் தொல்லை தொடங்கினாலும், உத்தரவில் அதையும் சேர்க்கும்படி மனுச் செய்ய வேண்டும். விழுப்புரத்தில் உள்ள மாவட்ட சமூகநல அலுவலகத்தின் மூலம் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் குழு வழியாக வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். உத்தரவின் நகலும் இலவசம். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்று சட்டமே சொல்கின்றது. அவசரத்துக்கு 181 என்ற எண் இருக்கின்றது.

நம் பெண்மக்கள் பலர் கடல் கடந்தும் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் இதே விதி என்று இருந்துவிடலாகாது. இலங்கையின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவுக்குப் பன்னிரண்டு மாதமே உச்சவரம்பு. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே. மனுச் செய்து நீட்டித்துக்கொள்ள வழியுண்டு. அங்குள்ள பெண்கள் கெடு முடியும் முன்பே நீதிமன்றத்தை அணுக வேண்டும். ஒரு வாரம் அசந்திருந்தால் அந்த வாரமே ஆபத்தாகிவிடலாம்.

செஞ்சிக்காரர்களுக்கு இது புதிய பாடமன்று. 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நம் கோட்டையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாமோ தினமும் அதன் நிழலில் நடக்கிறோம். 1690-ல் தொடங்கிய மொகலாயர் முற்றுகைக்கு அந்தக் கோட்டை 1698 வரை தாக்குப்பிடித்தது. முற்றுகையிடுபவன் எதற்காகக் காத்திருக்கிறான்? உள்ளே இருப்பவர்கள் சலித்துப் போவதற்காகத்தான். சுவர் எத்தனை உயரமானாலும், காவலாளி களைத்து இறங்கிவிட்டால் கதவு திறந்ததற்குச் சமம். கொடுமைக்காரக் கணவனும் அப்படித்தான் காத்திருக்கிறான். தகப்பனுக்கு அலுக்கட்டும், அண்ணிக்குப் பாரமாகட்டும், ஊர் மறக்கட்டும் என்றிருக்கிறான். நீதிமன்ற உத்தரவு சுவர் என்றால், காவல் நிற்க வேண்டியவர்கள் நாமே.

"அப்படியானால் ஜமாஅத்துக்கு வேலையே இல்லையா?" என்று முத்தவல்லிமார்கள் கேட்கலாம். இருக்கின்றது. இருதரப்பிலிருந்தும் நடுவர்களை ஏற்படுத்தச் சொல்கிறது அந்நிஸாவின் 35-வது வசனம். அந்த நடுவர்களின் நாட்டம் சீர்திருத்தமாக இருக்க வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை. உத்தரவு அப்படியே இருக்க, அதன் பாதுகாப்பிலேயே பேசுங்கள். அவன் உண்மையில் திருந்தினானா, குடியை விட்டானா, பிள்ளைகளின் செலவுக்கு மாதாமாதம் அனுப்புகிறானா என்று பாருங்கள். திருந்தியவனை அந்த உத்தரவு என்ன செய்துவிடும்? கை ஓங்காதவனுக்குக் கை ஓங்காதே என்ற கட்டளை பாரமா? அதை நீக்கினால்தான் வாழ வைப்பேன் என்று ஒருவன் பிடிவாதம் பிடித்தால், அதுவே எச்சரிக்கை மணி அன்றோ!

அதற்கு முந்திய 34-வது வசனத்தை எடுத்துக்கொண்டு வருவோருக்கும் ஒரு வார்த்தை. அந்த வசனம் எவர் மீது இறங்கியதோ அந்த நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிப்பதை முஸ்லிம் ஹதீஸ் நூலில் காண்கிறோம். கணவர் அடித்ததாக முறையிட்டுப் பெண்கள் பலர் நாயகத்தின் இல்லங்களுக்கு வந்தபோது, அத்தகைய ஆண்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்றே நாயகம் (ஸல்) சொன்னார்கள். முறையிட்ட எவரையும் வாய் மூடிப் போகச் சொல்லவில்லை. எலும்பு முறியும்படி அடித்தவனுக்கு நம் மார்க்கத்தில் எந்த வசனமும் புகலிடமாகாது.

அந்தப் பெரியவரிடம் அன்று நாம் சொன்னது இவ்வளவுதான்: "பாவா, இதற்குக் கெடு முடியவில்லை. இது உங்கள் மகளுடைய அடைக்கலம். இதை முடித்துவைக்கும் வார்த்தை அவள் வாயிலிருந்து வரட்டும்; உங்கள் வாயிலிருந்தும் வேண்டாம், எங்கள் வாயிலிருந்தும் வேண்டாம். ஜமாஅத்தில் நாமே வந்து சொல்கிறோம்." அவர் காகிதத்தைப் பழையபடி நாலாக மடித்தார். "உங்கள் பையில் வேண்டாம், அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்" என்றோம். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, தலையசைத்து எழுந்து போனார்.

சகோதரர்களே! இதை வாசிக்கும் உங்கள் தெருவிலும் அப்படி ஒரு காகிதம் ஏதேனும் ஒரு பெட்டியில் மடிந்து கிடக்கலாம். அவளிடம் 'எப்போது திரும்பிப் போகிறாய்?' என்று கேட்காதீர்கள். 'நிம்மதியாக இருக்கிறாயாம்மா?' என்று கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அச்சமற்ற இல்லங்களாக ஆக்குவானாக! அநீதி இழைப்போரின் கைகளைத் தடுக்கும் துணிவை நமக்குத் தருவானாக! அறியாமையால் நாம் செய்த பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.